எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏன் செய்யல? கொரோனா நேரத்துல தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க

ஹட்டன்பிள்ள:

எல்லாருக்கும் வணக்கம். நான் நர்சிங் கடைசி வருஷம், வீடு இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல. ஆய்வுக்கு எடுத்திருக்க தலைப்பு, கொரோனா நேரத்துல தோட்டத்து ஆளுங்களுக்கு அந்த நோயப் பத்தி என்ன தெரிஞ்சிருந்துச்சு, என்ன நெனச்சாங்க, என்ன செஞ்சாங்க, இந்த மூனும்தான். வினாக்கொத்து ஒன்னு தயார் பண்ணி தோட்டத்துல ரெண்டு டிவிஷன்ல (பிரிவுல), தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமா போய் கேட்டும் முடிச்சிட்டேன்.

இப்ப என்ன பிரச்சினன்னா, தெரியுமான்னு கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் சரியான பதில். இருமுனா தும்முனா பரவும், சோப்பு போட்டு கை கழுவணும், ஒரு மீட்டர் தள்ளி நிக்கணும், நோய் இருக்குன்னே தெரியாத ஆள்கிட்ட இருந்தும் தொத்தும், எல்லாம் தெரிஞ்சிருக்கு. பள்ளிக்கூடமே போகாத பாட்டிமார்கூட டக்கு டக்குன்னு சொல்றாங்க. ஆனா என்ன செஞ்சீங்கன்னு கேக்குற பகுதிக்கு வந்ததும் புள்ளி விழுந்துருது. மாஸ்க் எப்பவும் போட்டீங்களா, இல்ல. கூட்டத்துக்கு போகாம இருந்தீங்களா, இல்ல. காய்ச்சல் வந்ததும் சொன்னீங்களான்னு கேட்டா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு தேத்தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்குறாங்க.

எனக்கு வழிகாட்டுற மேடம் இத பாத்துட்டு, அறிவு நல்லம் நடத்தை மோசம், ஆக மக்கள் அலட்சியமா இருந்திருக்காங்க, விழிப்புணர்வு நிகழ்ச்சி கூட்டணும்னு முடிவுரையில எழுதிருங்கன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அப்பிடி எழுத மனசு வரல. அந்த நேரத்துல நானும் லயத்துலதான் இருந்தேன், யாரும் அலட்சியமா இருந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல, பயந்து போய்தான் இருந்தாங்க. ஆனா ஞாபகத்த வச்சு ஆய்வு எழுத முடியாது இல்லையா.

இன்னொன்னு, சீனாவுல 2020 ஜனவரி கடைசில ஒரு ஆய்வு செஞ்சிருக்காங்க, 6,910 பேர், ஆன்லைன்ல கேட்டது. அறிவுக் கேள்விக்கு 90 வீதம் சரியான பதில், வெளிய போறப்ப மாஸ்க் போட்டவங்க 98 வீதம். இந்த மாதிரி ஆய்வு எழுதுற எல்லாரும் அதத்தான் பக்கத்துல வச்சு ஒப்பிடுறாங்க. அத வச்சு பாத்தா நம்ம ஆளுங்க ரொம்ப மோசமா தெரியிறாங்க.

அதனால கேக்குறேன், உங்க தோட்டத்துல, உங்க டவுன்ல என்ன நடந்துச்சு? ஏன் தெரிஞ்சும் செய்யல, இல்லன்னா செய்ய முடியல? நான் கேக்காம விட்ட கேள்வி என்ன? கண்ணால பாத்தத சொல்லுங்க, பெரிய உதவியா இருக்கும்.

பழைய_டிஸ்பென்சர்:

மகள், நான் தோட்ட டிஸ்பென்சரியில வேல செஞ்சு இப்ப ஓய்வுல இருக்கேன். கொரோனா வந்தப்ப வேலையிலதான் இருந்தேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன், பொறுமையா வாசிங்க.

2020 ஜனவரி 27ல நாட்டுல மொத நோயாளி, சீனாவுல இருந்து சுற்றுலா வந்த ஒரு பொம்பள. அது கொழும்புல, நமக்கு தூரம்னு நெனச்சோம். ஆனா பெப்ரவரி 1ந் திகதி வூஹான்ல படிச்ச நம்ம நாட்டு மாணவர்கள் 33 பேர கூட்டிட்டு வந்து நம்ம மலைநாட்டுல இருக்க தியத்தலாவ முகாம்ல தனிமைப்படுத்துனாங்க பாருங்க, அப்பதான் நம்ம பக்கம் பேச்சு கிளம்புச்சு. மார்ச்சுல உள்ளூர் ஆளுக்கு வந்துச்சு, மார்ச் 20 பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு. நாடே மூடிக் கெடந்தப்ப தேயிலத் தோட்டம் மட்டும் மூடல. டீவிய போட்டா மூனு பாஷையிலயும் வீட்டுல இருங்க வீட்டுல இருங்கன்னு சொல்றான், வெளிய வந்தா வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல பேர் கூப்புடுறாங்க. நாடு பூட்டி இருந்தப்ப கொழுந்து எடுத்து ஏற்றுமதிய நிறுத்தாம காப்பாத்துனது நம்ம பொம்பளைங்க. அவங்ககிட்ட போய் வீட்ட விட்டு வெளிய போறத கொறச்சீங்களான்னு கேட்டு, இல்லன்னு சொன்னா புள்ளி கொறைக்கிறது நியாயமா? நீங்களே சொல்லுங்க.

அடுத்தது தண்ணி. லயத்துல எத்தன காம்பராவுக்கு (ஒரு குடும்பம் இருக்க அறை) ஒரு பைப்புன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. எங்க கீழ் டிவிஷன்ல வரட்சி மாசத்துல ஊத்துத் தண்ணி விழுற பீலிக்கரைக்கு போய்தான் தூக்கிட்டு வரணும். கை கழுவுங்கன்னு சுவர்ல ஒட்டுன போஸ்டர நானேதான் ஒட்டுனேன், ஒட்டிட்டு திரும்பி பாத்தா பைப்புல தண்ணி வரல. கொஞ்ச நாள் கழிச்சு நிர்வாகம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்டயும் பிள்ளைங்கள பாத்துக்குற புள்ளக்காம்பராவுலயும் பீப்பா வச்சு சோப்பும் வச்சுச்சு, அதுக்கப்புறம் யாரும் சொல்லாமலே எல்லாரும் கழுவுனாங்க. அத நான் என் கண்ணால பாத்தேன்.

காய்ச்சல சொல்லாம மறைச்சதுதான் உங்க ஆய்வுல முக்கியமான இடம், அத விட்டுறாதீங்க. மொத ஒன்றர வருஷம் போல, பொசிட்டிவ்னு வந்துட்டா அறிகுறி இல்லாட்டியும் வீட்டுல வைக்க மாட்டாங்க, பஸ் வரும், எங்க கொண்டு போறாங்கன்னு ஏத்துற வரைக்கும் சரியா தெரியாது, சில பேர் பாஷை தெரியாத தூர எடத்துக்கெல்லாம் போனாங்க. கதவுல தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டுவாங்க. ஒரு காம்பராவுக்கு ஒட்டுனா அந்த லயமே வேலைக்கு போக முடியாது, நாள் சம்பளம் நின்னுரும். தனக்கு காய்ச்சல்னு வாயத் தொறந்தா பக்கத்து பன்னண்டு வீட்டு அடுப்பும் அணையும்னு தெரிஞ்ச ஒரு பொம்பள என்ன செய்வா? பெனடோல் போட்டுட்டு மலைக்கு போவா. அது நோயப் பத்தி தெரியாததால இல்ல மகள், நல்லா தெரிஞ்சதாலதான்.

வயசானவங்களுக்கு கேம்ப்னாலே ஒரு பயம் வேற இருந்துச்சு. அந்தக் காலத்துல இந்தியாவுல இருந்து வந்தவங்கள மண்டபம் கேம்ப்ல நாள்கணக்கா அடைச்சு வச்சு, அம்மை, வாந்திபேதி இருக்கான்னு பாத்துட்டுதான் தலைமன்னாருக்கு கப்பல் ஏத்துனாங்க. அந்தக் கதைய தாய் தகப்பன் வாயால கேட்டு வளந்தவங்க இன்னும் நம்ம தோட்டங்கள்ல இருக்காங்க. எங்க லயத்து பெரியம்மா ஒராள் தனிமைப்படுத்தல் முகாம்னு காதுல விழுந்ததும், எங்கப்பாவ போட்டு வச்ச மாதிரி என்னையும் போடப் போறாங்களான்னு கேட்டு அழுதுச்சு. உங்க வினாக்கொத்துல மனப்பாங்குன்னு ஒரு பகுதி இருக்குன்னா இதெல்லாம் அதுல எங்க வருது?

லிந்துல_மலர்:

தங்கச்சி, டிஸ்பென்சர் ஐயா சொன்னது அத்தனையும் உண்ம, நான் மாஸ்க் விஷயம் மட்டும் சொல்றேன் ஏன்னா எங்கம்மா இன்னும் கொழுந்து எடுக்குறாங்க.

மாஸ்க் போட்டுக்கிட்டு சரிவுல முதுகுல கூடையோட ஏறிப் பாருங்க, ரெண்டு நிர போறதுக்குள்ள மூச்சு வாங்கும், மழ பெஞ்சா மாஸ்க் நனைஞ்சு மூக்கோட ஒட்டிக்கும், நனைஞ்ச மாஸ்க்ல மூச்சே எடுக்க முடியாது, லிந்துல பக்கம் மழ பெய்யாத நாள் எத்தனன்னு உங்களுக்கு தெரியும். மலையில ஆளுக்கு ஒரு நிர, திறந்த வெளி, காத்து அடிச்சுக்கிட்டே இருக்கு, அங்க கழட்டி தாடையில விட்டுக்குவாங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு வர்றப்ப திரும்ப மேல இழுத்து போட்டுக்குவாங்க, ஏன்னா அங்கதான் நெருங்கி நிக்கணும்னு அவங்களுக்கு தெரியும். யோசிச்சு பாத்தா அது சரிதானே? காத்தோட்டமான எடத்துல ஆபத்து கொறைவு, அடஞ்ச எடத்துல கூடன்னு பிறகு டாக்டர்மாரே சொன்னாங்க. ஆனா நீங்க எப்பவும் போட்டீங்களான்னு கேட்டா எங்கம்மா இல்லன்னுதான் சொல்வாங்க, பொய் சொல்லத் தெரியாது.

காசையும் பாருங்க. அந்த நேரம் ஒரு நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 700 ரூபா, நாள் சம்பளம் 1,000 ஆனது 2021 மார்ச்சுலதான், அதுவும் கிலோ கொறைஞ்சா அரப்பேர், அதாவது அர நாள் சம்பளம்தான். வீட்டுல வேலைக்கு போறவங்க மூனு பேர், பள்ளிக்கூடம் போறது ரெண்டு, ஒரு தடவ பாவிச்சு வீசுற மாஸ்க் தெனமும் அஞ்சு வாங்க முடியுமா? அதையே கழுவி அடுப்புக்கு மேல கம்பில தொங்க போட்டுருப்போம். அப்புறம் நான் பழைய பாவாடத் துணியில தச்சு எங்க லயத்துக்கே குடுத்தேன்.

நீங்க கேக்காம விட்ட ஒன்னு இருக்கு, கொழும்புல இருந்து வந்த பிள்ளைங்கள நாங்க எப்பிடி நடத்துனோம்னு. 2020 ஒக்டோபர்ல மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலை கொத்தணி (ஒரே எடத்துல இருந்து பல பேருக்கு பரவுனது), அதுக்குப் பிறகு பேலியகொட மீன் சந்தை. நம்ம தோட்டத்து பொடியன்க எத்தன பேர் கொழும்புல கடையிலயும் ஹோட்டல்லயும் வேல, எல்லாருக்கும் தீவாளிக்கு வீட்டுக்கு வரணும், நவம்பர் 14 தீவாளி. மேல் மாகாணத்த விட்டு வெளிய போக தடை. அதையும் மீறி லொறியில மறைஞ்சு வந்த பிள்ளைய வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்ச தாயும் இருக்கு, அந்த வீட்டு ஆளுங்கள பைப்புல தண்ணி பிடிக்க விடாம வெரட்டுன அயலும் இருக்கு. ரெண்டு பக்கமும் பயம். ஒரு பொண்ணு தண்ணி இல்லாம ராத்திரி எல்லாரும் தூங்குன பிறகு வாளிய தூக்கிட்டு வரும், எனக்கு அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. நோய் போயிருச்சு, அந்த ரெண்டு குடும்பமும் இன்னும் பேசிக்கிறது இல்ல.

நானுஓயா_தம்பி:

எங்க பக்கம் பெரிய சிக்கல் பாஷைதான் அக்கா. ஜீப்புல ஒலிபெருக்கி கட்டிட்டு வருவாங்க, பேசுறது சிங்களம். பிஎச்ஐ (பொதுச் சுகாதார பரிசோதகர்) மாத்தயா நல்ல மனுஷன், நடந்து நடந்து காலெல்லாம் வீங்கிப் போய் வேல செஞ்சாரு, ஆனா தமிழ் தெரியாது, கடைசில தலைவர் மகனும் நானும் கூடவே போய் மொழிபெயர்த்தோம். நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம ஒரு வீட்டுல வீடு பறிமுதல்னு நெனச்சுட்டாங்க. யார் என்ன பாஷையில சொன்னாங்கன்னு ஒரு கேள்வி கட்டாயம் போடுங்க.

பசறை_ஆசிரியர்:

எல்லாரும் சொல்றத ஏத்துக்கிறேன், ஆனா ஒரு பக்கத்த மட்டும் எழுதிட்டா ஆய்வு பலவீனமாயிரும் மகள், அதனால மத்தப் பக்கத்தையும் நான் சொல்லிர்றேன்.

தண்ணி இல்ல, எடம் இல்ல, காசு இல்ல, சரி. ஆனா சடங்கு வீட்டுல நூறு பேர் கூடுனதுக்கு தண்ணி காரணம் இல்ல. நாம மழையிலயும் வெயில்லயும் கெடந்து உழைக்கிற ஒடம்பு, இந்தக் குளிருக்கெல்லாம் பழகுனவங்க, நமக்கு வராது, அது டவுன் ஆளுங்க நோய்னு எங்க தோட்டத்துல ஆம்பளைங்க வாய் விட்டு சொன்னாங்க, 2020 முழுக்க அந்த நம்பிக்க இருந்துச்சு, ஏன்னா உண்மையிலயே அந்த வருஷம் ஆரம்பத்துல நம்ம பக்கம் நோய் பெருசா வரல. பிறகு வந்தப்பயும் அந்த நம்பிக்க சீக்கிரம் போகல. இதுவும் மனப்பாங்குதான், இத மறைக்கக் கூடாது.

அதே மாதிரி உங்க அறிவுக் கேள்விகள் ரொம்ப இலேசுன்னு எனக்கு தோனுது. கை கழுவணும்ங்கிறது டீவியில ஆயிரம் தடவ சொன்னது, அத யாரும் சொல்லிருவாங்க. கொத்தமல்லி அவிச்சு குடிச்சா கொரோனா வராதா, பஸ்பங்குவங்கிற மூலிகைக் கசாயம் குடிச்சா தடுப்பூசி தேவையில்லையா, ஊசி போட்டா பிள்ள பெற முடியாம போகுமா, இப்பிடி கேட்டிருந்தா 90 வீதம் வந்திருக்காது. கொத்தமல்லியில தப்பே இல்ல, நானும் குடிச்சேன், ஆனா காய்ச்சலோட அத குடிச்சிட்டு எனக்கு சுகமாயிருச்சுன்னு பக்கத்து வீட்டு திண்ணையில போய் உக்காந்தாங்களே, அதுதான் பிரச்சின.

ஆனா இதுக்கும் தோட்டத்து ஆளுங்கள மட்டும் பிடிக்காதீங்க. 2020 டிசம்பர்ல கேகாலையில ஒரு பாணி மருந்து குடுக்குறாங்கன்னு ஆயிரக்கணக்குல சனம் முண்டியடிச்சுச்சே, மறந்துட்டீங்களா? அதுல படிச்சவங்க, உத்தியோகத்துல இருக்கவங்க, வாகனத்துல வந்தவங்க எத்தன பேர். சுகாதார அமைச்சரே அந்தப் பாணிய எல்லார் முன்னாலயும் குடிச்சு காட்டுனாங்க, 2021 ஜனவரியில அவங்களுக்கே தொத்து உறுதியாச்சு. மேல இருக்கவங்க அப்பிடி நடந்தா லயத்துல இருக்க ஒரு அம்மா கொத்தமல்லிய நம்புனத அறியாமைன்னு எப்பிடி எழுதுறது?

இன்னொரு விஷயம், சாவு. கொரோனாவுல செத்தா கட்டாயம் எரிக்கணும்னு 2020 மார்ச் கடைசில இருந்து 2021 பெப்ரவரி கடைசி வரைக்கும் இருந்துச்சு. புதைக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொன்னதையும் கேக்கல. முஸ்லிம் சனம் பட்ட பாடு நாட்டுக்கே தெரியும், எங்க டவுன்ல கடை வச்சிருந்த ஒரு பெரியவரோட பிள்ளைங்க அந்த நேரம் அழுதத நான் பாத்தேன். எங்க தோட்டத்துலயும் காலங்காலமா புதைக்கிறதுதான் வழக்கம். முகத்தக்கூட பாக்க விடாம, வாய்க்கரிசி போட விடாம, எங்கயோ கொண்டு போய் எரிச்சிருவாங்கங்கிற பயம் நோய விட பெருசா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு போக மாட்டேன், செத்தா வீட்டுலயே சாவுறேன்னு பிடிவாதமா இருந்த வயசானவங்க அதனாலதான். அலட்சியம்னு எழுதுனா இது எங்க போகும்?

ஹட்டன்பிள்ள:

ஐயா, அக்கா, தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாசிக்க வாசிக்க என் வினாக்கொத்துல எத்தன ஓட்ட இருக்குன்னு தெரியுது. பசறை ஐயா சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் எழுதணும். ஆனா எல்லா வீட்டுலயும் கேட்டு முடிச்சிட்டேனே, திரும்ப போய் கேக்க மேடம் விடுவாங்களான்னு தெரியல. இருக்க தரவ வச்சு ஏதாச்சும் செய்யலாமா?

பண்டாரவளை_கள_உதவியாளர்:

செய்யலாம் தங்கச்சி. நான் வேற வேற சுகாதார ஆய்வுகளுக்கு வீடு வீடா போய் தரவு எடுத்தவன், அனுபவத்துல சொல்றேன்.

மொதல்ல அந்த சீன ஆய்வோட ஒப்பிடுறத நிறுத்துங்க. அது ஆன்லைன்ல போன் வச்சிருக்கவங்க, பாதிக்கு மேல நல்லா படிச்சவங்க, அவங்களே டிக் போட்டது. அதுவும் நோய் வெடிச்ச அந்த ஒரே வாரத்துல, நாடே நடுங்கிக்கிட்டு இருந்தப்ப. நீங்க கேக்குறது எத்தனையோ வருஷம் கழிச்சு, லயத்துல, நேருல. ரெண்டையும் ஒரே அட்டவணையில போடுறதே தப்பு, இத ஆய்வோட மட்டுப்பாடுகள்னு எழுதுற பகுதியில காரணத்தோட எழுதிருங்க, பரீட்சகர்கள் அத விரும்புவாங்க.

ரெண்டாவது, உங்க கேள்வியில காலம் கலந்து கெடக்கு. 2020 மார்ச்சுல இருந்து ஒரு ரெண்டு மாசம் ஊரடங்கு, பயம் கூட, நோய் கொறைவு. ஒக்டோபருக்குப் பிறகு கொழும்புல இருந்து வந்தது. 2021 நடுவுல டெல்டா வகை கொரோனா, சாவு கூடி ஓகஸ்ட் 20ல இருந்து ஒக்டோபர் 1 வரைக்கும் திரும்ப மூடுனாங்க. இந்த மூனுலயும் ஒரே ஆள் மூனு விதமா நடந்திருப்பாங்க. அறிவுரையும் மாறுச்சு, மொதல்ல நோய் இல்லாதவங்க மாஸ்க் போடத் தேவையில்லன்னு இருந்த உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன்லதான் பொதுமக்களும் துணி மாஸ்க் போடச் சொல்லுச்சு. கொரோனா நேரத்துல மாஸ்க் போட்டீங்களான்னு மொட்டையா கேட்டா யாராலயும் சரியா சொல்ல முடியாது.

மூனாவது, இதுதான் முக்கியம். செஞ்சீங்களான்னு ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல செய்ய வழி இருந்துச்சான்னு இன்னொரு கேள்வி வேணும். குடை இல்லாத ஆள நிறுத்தி வச்சு ஏன் நனைஞ்சேன்னு கேட்டு புள்ளி போட்ட கணக்காத்தான் இப்ப இருக்கு. காம்பரா எத்தன, ஆள் எத்தன, பைப்பு எவ்வளவு தூரம், வேலைக்கு போகாத நாளுக்கு சம்பளம் இருந்துச்சா, அரசாங்கம் 2020 ஏப்ரல்ல குடுத்த 5,000 ரூபா கைக்கு வந்துச்சா, இதெல்லாம் கேட்டுட்டு புள்ளிய திரும்ப பாருங்க. வழி இருந்தும் செய்யாதவங்க வேற, வழியே இல்லாதவங்க வேற. பசறை ஐயா சொன்ன சடங்கு வீட்டுக் கூட்டம் மொத வகை, மலர் அக்கா சொன்னது ரெண்டாவது.

நாலாவது, தடுப்பூசிய நீங்க விட்டுட்டீங்க. நாட்டுல 2021 ஜனவரி 29ல தொடங்குனாலும் நம்ம சனத்துக்கு பெரும்பாலும் கெடச்சது பிறகு வந்த சீனாவோட சினோபார்ம் ஊசிதான். பிள்ள பெற முடியாதுங்கிற கதை நல்லா பரவியிருந்துச்சு, நான் போன லயங்கள்ல இளம் பொம்பளைங்க மொதல்ல ஒதுங்கிதான் நின்னாங்க. தோட்டத்து மருத்துவிச்சி அம்மா தானே போட்டுக்கிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உக்காந்து தமிழ்ல பேசுனதுக்குப் பிறகு நெலம மாறுச்சு. தோட்டத்து பள்ளிக்கூடத்துலயே வச்சு ஊசி போட்டாங்க, பஸ் காசு இல்ல, ஒரு நாள் சம்பளம் போகல, மழையில குடையப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நின்னாங்க. அதே சனம்தான், உங்க புள்ளியில நடத்தை மோசம்னு வந்திருக்க அதே சனம்.

திரும்ப எல்லா வீட்டுக்கும் போகத் தேவையில்ல. ஏற்கனவே கேட்டதுல ஒரு இருபது வீட்ட தெரிவு செஞ்சு விரிவா பேசி பதிஞ்சுக்கிட்டா போதும், அத ரெண்டாம் கட்டம்னு எழுதலாம், நெறைய பேர் செய்ற முறைதான். அனுமதிக் கடிதம் மட்டும் திரும்ப எடுங்க. போறப்ப வெள்ளச் சீருடையில போகாதீங்க, அத பாத்தா பிஎச்ஐ கூட வந்த ஆளுன்னு நெனச்சு சரியான பதிலத்தான் தேடி சொல்வாங்க.

பழைய_டிஸ்பென்சர்:

ஞாயித்துக்கிழம பின்னேரம் போங்க மகள், வெறகு வெட்டி, துணி தொவச்சு, குளிச்சு முடிச்சு திண்ணையில உக்காந்திருப்பாங்க. காய்ச்சல மறைச்சீங்களான்னு நேரடியா கேக்காதீங்க, அந்த நேரம் இந்த லயத்துல யாராச்சும் மறைச்சாங்களான்னு பொதுவா கேளுங்க, தானா கதை வரும். கேக்குறப்ப பேரு எழுத மாட்டேன்னு மொதல்லயே சொல்லிருங்க, இன்னும் பல பேருக்கு கேஸ் போடுவாங்களோன்னு பயம் இருக்கு.

ஹட்டன்பிள்ள:

மேடத்துக்கிட்ட இன்னைக்கு பேசுனேன், அனுமதிக் கடிதம் எடுத்தா ரெண்டாம் கட்டத்துக்கு சரின்னு சொல்லிட்டாங்க. அலட்சியம்ங்கிற சொல்ல முடிவுரையில இருந்து இப்போதைக்கு எடுத்து வச்சிருக்கேன். புதுக் கேள்விகள நாளைக்கு ராத்திரி இங்கயே போடுறேன், மலர் அக்கா, உங்க அம்மாவுக்கு ஒரு தடவ வாசிச்சு காட்டிட்டு எது புரியலன்னு சொல்லுங்க.